முதலில் கவிழ வேண்டும்!

“தண்ணீரில் கண்டம்” என்று ஒரு சொல் உண்டல்லவா? உங்கள் குடும்பத்திலும் யாரோ ஒருவர் தலையில் அதை எழுதி வைத்திருப்பார்கள். அந்த ஒருவர் பெரும்பாலும் ஒரு பெண்ணாகத்தான் இருப்பார் என்று பந்தயம் கட்ட நான் தயார்.

என் சித்திக்கு அந்தக் கண்டம் ஏழாவது வயதில் வந்து சேர்ந்தது. காவிரிக் கரையில் கிராமம். கொல்லைக் கதவைத் திறந்தால் படித்துறை. ஐம்பது வருஷங்களுக்கு முன்னால், ஆடி மாதத்தில் புது வெள்ளம் வந்த சமயம், சித்தியின் அண்ணன், பதினோரு வயதுப் பையன், குளிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. அந்த நாளைப் பற்றி எங்கள் வீட்டில் அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை. நானும் எழுதப் போவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு தாத்தா செய்த இரண்டு காரியங்களைச் சொல்லியாக வேண்டும்.

மிச்சமிருந்த இரண்டு பிள்ளைகளையும் மறு வருஷமே, முதுகில் சுரைக்குடுக்கை கட்டி ஆற்றில் இறக்கி, நீந்தக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். பெண்கள் இருவரையும் படித்துறைப் பக்கமே எட்டிப் பார்க்கக் கூடாது என்று கண்டித்து வைத்தார். ஜோசியர் ஒருவர் சித்தியின் ஜாதகத்தைப் புரட்டி, ‘தண்ணீரில் கண்டம்’ என்று முத்திரையும் குத்திவிட்டார். துக்கம் ஒன்றுதான், அதிலிருந்து பிள்ளைகளுக்கு ஒரு பாடம், பெண்களுக்கு ஒரு பாடம்!

அப்பேர்ப்பட்ட சித்தியை, ஐம்பத்தெட்டாவது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒற்றை ஆள் உட்காரும் ஓடம் ஒன்றில் ஏற்றி உட்கார வைத்தேன் என்றால் நீங்கள் என்னைத் திட்டத்தான் செய்வீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முழுக் கதையையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

அந்த ஓடத்தின் பெயர் ‘கயாக்’. சுமார் பத்தடி நீளம், இரண்டரை அடி அகலம், இருபது கிலோ எடை. வெள்ளரிப் பிஞ்சு மாதிரி இரண்டு முனையும் கூராக இருக்கும். சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு முறுக்குச் சுற்ற உட்காருகிறோமே, அப்படி அதில் உட்கார வேண்டும். கையில் ஏழடி நீளத்தில் ஒரு துடுப்பு. துடுப்பென்றால் ஒரு பக்கம்தானே தட்டையாக இருக்கும்? இதற்கு இரண்டு பக்கமும் உண்டு. வலப்பக்கம் ஒரு தள்ளு, இடப்பக்கம் ஒரு தள்ளு. ஓடம் அம்பு மாதிரி போகும்.

ஒகேனக்கல் பரிசலில் போனவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். பரிசல் வட்டமானது, ஓட்டத் தெரியாதவர் கையில் கொடுத்தால் தட்டாமாலை சுற்றும். கயாக் நீளமானது, ஆகவே நேராக ஓடப் பார்க்கும். இரண்டுக்கும் ஒரு விதத்தில் உறவு உண்டு. மூங்கில் சட்டத்தின் மேல் தோலைப் போர்த்திச் செய்ததுதான் அந்தக் காலத்துப் பரிசல். கயாக்கும் ஆதியில் தோல் ஓடம்தான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நான் கயாக்கை உங்களுக்குச் சிபாரிசு செய்வதற்கு முக்கியமான காரணம் வேறு. கோடைக்கானல் ஏரியில் நம் குடும்பங்கள் படகு விடுகிற அழகை நினைத்துப் பாருங்கள். லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி 1863-ஆம் ஆண்டில் ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி அது. அதில் படகேறும் குடும்பத்தைக் கரையிலிருந்து பாருங்கள். துடுப்பு வீட்டுக்காரர் கையில். இல்லாவிட்டால் படகுக்காரர் கையில். அம்மா நடுவில் உட்கார்ந்திருப்பாள். மடியில் குழந்தை, ஒரு கையில் தின்பண்டப் பை, மறு கையில் எல்லோருடைய செருப்பும். “ஆடாதே! அந்தப் பக்கம் சாயாதே! கையைத் தண்ணீரில் விடாதே!” என்று சொல்லிக்கொண்டே ஏரியைச் சுற்றிவிட்டு இறங்குவாள். ஏரியின் அழகைப் பற்றிக் கேட்டால், வீட்டுக்கு வந்து புகைப்படத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்!

ஒற்றையாள் கயாக்கில் இந்த ஜபர்தஸ்து எதுவும் நடக்காது. அதில் பிரயாணிக்கு இடமே இல்லை. ஏறினால் நீங்கள்தான் ஓட்ட வேண்டும்.

முட்டுக்காட்டை ஒட்டிய உப்பங்கழிக்கு நாங்கள் புறப்பட்டது சித்தியின் பேத்திக்காக. எட்டு வயதுக் குட்டி. பள்ளிக்கூடத் தோழி யாரோ சொல்லக் கேட்டு ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். சித்தி கூட வந்தது காவலுக்கு. “நான் துண்டை வச்சுக்கிட்டுக் கரையிலே உட்கார்ந்திருக்கேன். குழந்தையை ஆழத்துக்கு விடாதீங்க” என்பதுதான் அவர் போட்ட நிபந்தனை.

போகிற வழியில், அவருடைய மனசைத் திருப்புவதற்காக, அந்தத் தோல் ஓடத்தின் கதையை எடுத்துவிட்டேன். கிரீன்லாந்து, வட கனடா போன்ற பனிப் பிரதேசங்களில் வாழும் இன்யூட் மக்களின் ஓடம் அது. மரம் முளைக்காத இடம். கடல் கொண்டுவந்து ஒதுக்கும் கட்டைகளையும் திமிங்கல எலும்பையும் வைத்து ஆண்கள் சட்டம் கட்டுவார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் உடம்பை அளந்துதான் ஓடம். அதில் ஏறி சீல் வேட்டைக்குப் போவார்கள். ஆனால் சட்டம் மட்டும் ஓடமாகிவிடுமா? அதன் மேல் சீல் தோலை இழுத்துப் போர்த்தி, தண்ணீர் ஒரு சொட்டுக்கூட நுழையாமல் தைக்க வேண்டும். அந்தத் தையல் முழுவதும் பெண்களின் வேலை. பல பெண்கள் கூடி உட்கார்ந்து, தோல் ஈரமாக இருக்கும்போதே தைத்து முடிப்பார்கள்.

சித்தி தையல் மிஷினில் கைதேர்ந்தவர். சட்டென்று என் பக்கம் திரும்பினார். “ஊசி போன ஓட்டை வழியாத் தண்ணி வராதோ?” என்று கேட்டார்.

அசல் தையற்காரியின் கேள்வி! பதிலும் அப்படிப்பட்டதுதான். அந்தப் பெண்கள் ஊசியைத் தோலின் மறு பக்கம் வரை விடமாட்டார்கள். தோலின் கனத்துக்குள்ளேயே ஊசியை நுழைத்து வாங்கி, மடித்து, மறுபடியும் ஒரு வரிசை தைப்பார்கள். நூலுக்குப் பதில் மிருகங்களின் தசைநார். அது தண்ணீர் பட்டதும் ஊதிப் பருத்து, ஊசித் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். பனிக்கடலில் விழுந்தவன் சில நிமிஷங்களில் விறைத்துப் போவான். ஆகவே கடலுக்குப் போகிறவனின் உயிர் வீட்டிலிருப்பவளின் தையலில் இருந்தது.

அந்த மக்களிடம் ‘உமியாக்’ என்று இன்னொரு பெரிய தோல் ஓடமும் உண்டு. கிரீன்லாந்தில் அதற்குப் பெண்களின் படகு என்றே பெயர். ஊர் விட்டு ஊர் போகும்போது குழந்தை குட்டிகள், கிழவர்கள், தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, பெண்களே துடுப்புப் போட்டு ஓட்டுவார்கள்.

வேட்டை ஓடம் உல்லாச ஓடமாக மாறியதிலும் ஊசி நூலுக்குப் பங்கு உண்டு. ஜெர்மனியில் 1905-ஆம் ஆண்டு ஆல்ஃப்ரெட் ஹோய்ரிஷ் என்ற கட்டடக் கலை மாணவர், மடக்கி எடுத்துக்கொண்டு போகக்கூடிய கயாக் ஒன்றைச் செய்தார். சட்டத்தைக் கழற்றலாம், மேல் உறையைச் சுருட்டலாம், பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறலாம். அதைச் செய்து விற்கும் உரிமையை 1907-ல் வாங்கியவர் யோஹன்னஸ் கிளெப்பர். அவர் யார் தெரியுமா? ரோஸன்ஹைம் என்ற ஊரில் இருந்த ஒரு தையற்காரர்! அந்த மாதிரி மடக்கு ஓடம் ஒன்றில்தான் ஹன்னஸ் லிண்டெமன் என்ற ஜெர்மானிய டாக்டர் 1956-ல் தன்னந்தனியாக அட்லாண்டிக் கடலைக் கடக்கப் புறப்பட்டார். 72 நாட்களில் கடந்தும் விட்டார். கயாக் பந்தயம் ஒலிம்பிக்கில் நுழைந்தது 1936-ல். பெண்களுக்கு அதில் இடம் கிடைத்தது 1948-ல். ஓடத்தைத் தைத்தவர்கள் பந்தயத்துக்கு வரப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போதைய கயாக்கில் தோலும் இல்லை, தையலும் இல்லை. பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்த்துவிடுகிறார்கள். உப்பங்கழியின் கரையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். சித்தி ஒன்றைத் தட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார். “இதென்ன, அடியிலே ஓட்டை!” என்று அலறினார்.

பயிற்சி கொடுக்கும் இளைஞர், பக்கத்து மீனவர் குப்பத்துப் பிள்ளை, சிரிக்காமல் விளக்கம் சொன்னார். இந்த வகை ஓடம் மூடிய டப்பா மாதிரி. உள்ளே முழுக்கக் காற்று. நாம் உட்காருவது அதன் முதுகின் மேல். அலை அடித்து மேலே ஏறும் தண்ணீர் வடிந்து போவதற்காகத்தான் அந்தத் துவாரங்கள். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு இதுவே சௌகரியம். இடுப்பு வரை பொந்துக்குள் நுழைந்து உட்காரும் ஓடம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு அவர் குட்டிக்கு உயிர்காப்புச் சட்டையை மாட்டினார். வாரை இழுத்துப் பூட்டினார். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். சட்டை காது வரைக்கும் ஏறினால் தளர்வு என்று அர்த்தம். இன்னும் இறுக்க வேண்டும். இதையெல்லாம் சித்தி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இளைஞர் இன்னொரு சட்டையை எடுத்து நீட்டி, “அம்மா, நீங்களும் வாங்க. இடுப்பளவுத் தண்ணிதான்” என்றபோது, சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அந்தச் சமயத்தில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியம் அது ஒன்றுதான்.

முதல் பாடம் துடுப்புப் போடுவது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். “இல்லை. முதலில் கவிழ வேண்டும்!” என்றார் அவர். கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று தெரியாதவரையில் கை துடுப்பைப் பிடிக்காது; ஓடத்தின் விளிம்பைத்தான் பிடிக்கும். விளிம்பைப் பிடித்துக்கொண்டு உடம்பை விறைப்பாக்கினால் ஓடம் இன்னும் ஆடும். ஆகவே, வேண்டுமென்றே ஒரு முறை விழுந்து எழுந்துவிட வேண்டும். இன்யூட் பிள்ளைகளும் ஓடம் கவிழ்ந்தால் துடுப்பாலேயே நீரைத் தள்ளி, ஓடத்தோடு ஒரு சுற்றுச் சுற்றி நிமிர்வதைக் கரையோரத்தில் பழகித்தான் கடலுக்குப் போனார்கள்.

குட்டி ‘தொபுக்’கென்று விழுந்து, இளித்துக்கொண்டு எழுந்தாள். சித்தியின் முறை வந்தது. அவர் விழவில்லை, அந்த இளைஞர்தான் மெதுவாக ஓடத்தைச் சாய்த்தார். ஒரு கணம் சித்தியைக் காணோம். அந்த ஒரு கணத்தில் என் வயிற்றில் புளி கரைந்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அடுத்த கணம், கூந்தல் அவிழ்ந்து, மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர் வழிய, சட்டை அவரைத் தக்கை மாதிரி மேலே தூக்கிவிட்டது.

சித்தி இடுப்பளவுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். முகத்தில் வழிந்தது உப்பு நீர்தான். உப்பங்கழியின் உப்பா, வேறு உப்பா என்று நான் கேட்கவில்லை. பிறகு அந்த இளைஞரைப் பார்த்து, “இன்னொரு தடவை சாய்ங்க தம்பி” என்றார்.

அன்றைக்கு அவர் நாலு தரம் விழுந்தார். கவிழ்ந்த ஓடத்தைப் பிடித்துக்கொள்வது, அதை நிமிர்த்துவது, குறுக்கே குப்புறப் படுத்துக் காலை உதைத்து மேலே ஏறிப் புரண்டு உட்காருவது எல்லாம் ஆயிற்று. அதற்குப் பிறகு துடுப்புப் பாடம் அரை மணியில் முடிந்துவிட்டது. அதைச் சுருக்கமாக உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நிமிர்ந்து உட்காருங்கள். முழங்கால் லேசாக மடிந்திருக்கட்டும். துடுப்பைத் தோள் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக விட்டுப் பிடியுங்கள். கால் விரல் இருக்கும் இடத்துக்கு நேராகத் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, இடுப்பருகே வந்ததும் எடுத்துவிடுங்கள். பலம் கையில் இல்லை. ஆட்டுக்கல்லில் மாவு அரைத்தவர்களுக்கு இது தெரியும். கையால் மட்டும் சுற்றினால் தோள் விட்டுப் போகும், இடுப்பிலிருந்து உடம்பே சேர்ந்து அசைய வேண்டும். வலப்பக்கம் அகலமாக வளைத்துத் துழாவினால் ஓடம் இடப்பக்கம் திரும்பும். நிறுத்த வேண்டுமானால் பின்னோக்கித் தள்ளுங்கள். அவ்வளவுதான்.

ஜாக்கிரதைகளும் சில உண்டு. தையலில் ஒரு இழை விட்டாலும் தண்ணீர் நுழைந்துவிடும் அல்லவா? ஆகவே இவற்றில் ஒன்றையும் விடாதீர்கள்.

உயிர்காப்புச் சட்டை உடம்பில் இருக்க வேண்டும். ஓடத்தில் மடித்து வைத்திருந்தால் பிரயோஜனம் இல்லை. நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இதே விதிதான். சட்டை இருப்பதால் நீச்சல் வேண்டாம் என்பதும் இல்லை. கற்றுக்கொண்டால் இரட்டிப்புக் காவல். புடவை, துப்பட்டா, நீண்ட பாவாடை வேண்டாம். காலையும் துடுப்பையும் சுற்றிக்கொள்ளும். தனியாகப் போகாதீர்கள். வெயில் ஏறுமுன் காலையிலேயே போய்த் திரும்பிவிடுங்கள். குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். இடி மின்னல் தெரிந்தால் உடனே கரைக்கு வந்துவிடுங்கள். போகும்போது எதிர்க்காற்றில் போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். ஆகாயத்தாமரை மண்டிய ஏரி வேண்டாம். உப்பங்கழியில் முகத்துவாரத்தின் பக்கம் போகாதீர்கள். நீர் வற்றும் நேரத்தில் கடலுக்கு இழுக்கும். மதகு, அணைக்கட்டு, கதவணை இவற்றின் அருகே போகவே போகாதீர்கள். மேலிருந்து பார்த்தால் சாதுவாக வழிவதுபோல் இருக்கும். கீழே விழுந்த நீர் சுருண்டு சுருண்டு, அகப்பட்டதைத் திரும்பத் திரும்ப உள்ளுக்கே இழுத்துக்கொள்ளும். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்ட காவிரியும் விளையாட்டுக்கு ஏற்றதல்ல. நீர்வரத்து மிகுந்தால் ஒகேனக்கலில் பரிசலுக்கே தடை போட்டுவிடுகிறார்கள். ஆற்றை நன்றாக அறிந்தவர்களின் மரியாதை அது.

இதையெல்லாம் கடைப்பிடித்தால் அப்புறம் கிடைப்பது ஒரு தனிச் சுகம். இயந்திரச் சத்தம் கிடையாது. கண் மட்டத்துக்கு ஒன்றிரண்டு முழம் கீழே தண்ணீர். கொக்கு பறந்து ஓடாமல் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும். துடுப்புப் படகின் பெருமையைப் பார்க்க வேண்டுமானால் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம் போய்ப் பாருங்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் சுரபுன்னைக் காடு. 2004-ஆம் ஆண்டு சுனாமியின்போது அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டு பின்னாலிருந்த ஊர்களைக் காத்த காடு. 2022-ல் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் இடம் பெற்றது. அதன் குறுகிய கால்வாய்களுக்குள், வேர்கள் தலைக்கு மேல் பந்தல் போட்ட இடங்களுக்குள், துடுப்பு போட்டுத்தான் நுழைய முடியும்.

“எங்களுக்கெல்லாம் இது முடியுமா?” என்று இன்னும் யாராவது தயங்கினால், பிராச்சி யாதவைப் பற்றிச் சொல்லுகிறேன். குவாலியரைச் சேர்ந்தவர், பிறவியிலேயே கால்கள் வழங்காதவர். நீச்சல் பழகி, பிறகு போபால் நகரத்து ஏரியில் துடுப்புப் பிடித்தார். 2021-ல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கில் ஒற்றையாள் துடுப்புப் படகுப் போட்டியின் இறுதிச் சுற்று வரை போனார். 2023-ல் ஹாங்சோ ஆசியப் பாரா விளையாட்டுகளில் கயாக்கில் தங்கப் பதக்கம் வாங்கினார். தரையில் சக்கர நாற்காலி வேண்டியிருந்த பெண்ணுக்குத் தண்ணீரில் ஒரு துடுப்புப் போதுமாக இருந்தது.

அன்று வீடு திரும்பும்போது குட்டி தூங்கிவிட்டாள். சித்தி ஈரத் தலையை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு வெகு நேரம் பேசாமல் வந்தார். திருவான்மியூர் தாண்டிய பிறகு, யாரிடமும் சொல்லாததுபோல் சொன்னார்:

“அன்னிக்கு எனக்கும் ஒரு சுரைக்குடுக்கை கட்டி விட்டிருக்கலாம்.”

தாத்தா கெட்டவரல்ல. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர். பெண்களைத் தண்ணீரிலிருந்து விலக்கிவிட்டால் காப்பாற்றியதாகிவிடும் என்று நம்பினார். ஆனால் ஆறு கொல்லையிலேதானே ஓடிக்கொண்டிருந்தது? கால் தவறினால் அது ஆணா பெண்ணா என்று கேட்குமா?

உங்கள் வீட்டிலும் யாருக்காவது ‘தண்ணீரில் கண்டம்’ இருந்தால், பரிகாரம் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பரிகாரத்தோடு கூட, நல்ல வாராக ஒரு உயிர்காப்புச் சட்டையும், நம்பகமான ஓர் ஆசிரியரும், இடுப்பளவுத் தண்ணீரும் பார்த்து வையுங்கள். எங்கள் குட்டி இப்போது சனிக்கிழமைதோறும் நீச்சலுக்குப் போகிறாள். துண்டை வைத்துக்கொண்டு கரையில் உட்காரத்தான் ஆள் இல்லை. கூடப் போகிற பாட்டியும் தண்ணீரில் இறங்கிவிடுகிறார்!